சும்மா பார்த்த வேலை

எனக்கென்று ஒதுக்கிய கொக்கிக்கு மேலே நத்தைப் படம் ஒட்டியிருந்தது. பக்கத்துக் கொக்கியில் வாத்து, அதற்கடுத்ததில் ஆப்பிள், அதற்கும் அடுத்ததில் தீயணைப்பு வண்டி. எழுத்துத் தெரியாத பிள்ளைகள் தங்கள் சட்டையும் பையும் மாட்டும் இடத்தைக் கண்டுகொள்ளத்தான் இந்தப் படங்கள். ஜெர்மன் தெரியாத எனக்கும் அதே ஏற்பாடு. இருபத்தைந்து வயசுக்காரன் மூன்றடி உயரத்தில் இருந்த நத்தைக்குக் கீழே குனிந்து கோட்டை மாட்டினேன். யேனா நகரம், 2013 அக்டோபர்.

மாட்டும்போது ஞாபகத்துக்கு வந்தவை தட்டுகள். சீவலப்பேரி பால்வாடியில் அத்தனை எவர்சில்வர் தட்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றிரண்டில் பாத்திரக் கடையில் பேர் வெட்டியிருப்பார்கள். ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் வெட்டியும் பிரயோசனமில்லை. ஆனாலும் அவள் ஒருத்தர் தட்டை இன்னொருத்தருக்கு மாற்றிப் போட்டு நான் பார்த்ததில்லை. விளிம்பு நெளிந்தது ஒருத்தனுடையது, நடுவில் குழி விழுந்தது ஒருத்தியுடையது, அடியில் கரி பிடித்துத் தேய்த்தும் போகாதது பக்கத்து வீட்டுப் பயலுடையது. "நசுங்கலப் பாத்தா ஆளத் தெரியாதாக்கும்?" என்பாள்.

ஆச்சி என் அம்மாவைப் பெற்றவள். பால்வாடி ஆயா.

சீவலப்பேரி என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் அடுத்த மூச்சில் 'பாண்டி' என்பார்கள். 1994-ல் பிரதாப் போத்தன் இயக்கத்தில் நெப்போலியன் நடித்து வந்த படம், ஊர்ப்பேரோடு அதை ஒட்டவைத்துவிட்டது. எங்களுக்கு ஊர் என்றால் ஆறுதான். சிற்றாறு வந்து தாமிரபரணியில் விழும் இடம். முக்கூடற்பள்ளு பாடிய முக்கூடல் இதுதான். அம்பாசமுத்திரம் பக்கம் பீடிக்குப் பேர்போன இன்னொரு முக்கூடல் இருப்பதால் இதை ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் பேரில் அமைந்த ஏரி, வாயில் தேய்ந்து தேய்ந்து சீவலப்பேரி ஆயிற்று என்பார்கள்.

எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1-ல் தொடங்கியது. கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், பள்ளிக்குப் போகாத இரண்டிலிருந்து ஐந்து வயது வரைக்குமான பிள்ளைகளுக்கும் மத்தியானச் சோறு. இந்தத் திட்டத்தின் வேலைகளில் புருஷனை இழந்த பெண்களுக்கு முன்னுரிமை இருந்தது. தாத்தா அதற்கு இரண்டு வருசம் முன்னால்தான் போயிருந்தார். வயல்வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஆச்சி அப்படித்தான் பால்வாடிக்குள் நுழைந்தாள். பிறகு வந்த அங்கன்வாடி என்ற பேரை அவள் கடைசிவரை சொன்னதில்லை. அவளுக்கு அது பால்வாடிதான்.

ஓடு வேய்ந்த ஒரே அறை. ஒட்டினாற்போல சமையல் கொட்டகை. வாசலில் ஒரு வேம்பு, முற்றம் முழுக்க ஆற்றுமணல். கோடையில் யாராவது ஒரு வண்டி மணல் கொண்டுவந்து கொட்டிப் பரப்பிவிடுவார்கள். கேட்க வேண்டியதில்லை, காசும் கிடையாது. ஆற்றில்தான் கிடந்ததே. சத்துமாவு பெரிய தகர டின்னில் இருக்கும். ஆச்சி வெந்நீரை ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, சூடு ஆறுமுன் கையை விட்டுப் பிசைவாள். உள்ளங்கை சிவந்துபோகும். உருண்டை எல்லாம் ஒரே அளவு. அதில் ஒன்று பெரிதாக இருக்காதா என்று நான் தினமும் பார்ப்பேன். பேரன் என்பதற்காக ஒரு கடுகளவு கூட்டிக் கொடுத்ததில்லை.

மாசத்துக்கு ஒருநாள் எடை போடுவார்கள். உத்தரத்தில் கடிகாரம்போல ஒரு தராசைத் தொங்கவிட்டு, அதன் கொக்கியில் கால் நுழைக்க ஓட்டைபோட்ட துணித்தூளியை மாட்டி, பிள்ளையை அதற்குள் இறக்குவார்கள். அந்தரத்தில் கால் உதைத்துக்கொண்டு பிள்ளை வீரிடும். டீச்சர் முள்ளைப் பார்த்து அட்டையில் புள்ளி வைப்பதற்குள் மூத்திரம் போய்விடும். ஆச்சி கீழே கையை ஏந்திக்கொண்டே நிற்பாள், தொடாமல். தொட்டால் எடை தப்பாகிவிடும். எடுத்துவிட்டால் பிள்ளை விழுந்துவிடுமோ என்று பயம். அந்த இரண்டு விரற்கடை இடைவெளியில் அவள் கை இருக்கும்.

சுவரில் என் தலைக்கு மேலே ஒரு காவிக் கோடு உண்டு. 1992 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் நின்ற மட்டம். வடிந்த பிறகு ஆச்சிதான் செங்கல் துண்டால் இழுத்து வைத்தாள். யாராவது அதிகாரி வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவாள். மாவு டின் நனைந்த கணக்கு அதில் இருந்தது.

ஆறாம் வகுப்புக்குப் பாளையங்கோட்டையில் சேர்ந்தேன். அப்பா பம்பாயில், தாராவியில் இருந்தார்; பணம் வரும் மாசமும் உண்டு, வராத மாசமும் உண்டு. அம்மா பீடி சுற்றினாள். பள்ளிப் பாரத்தில் பாதுகாவலர் ஆச்சி. தொழில் என்ற இடத்தில் நான் 'அரசு ஊழியர்' என்று எழுதினேன். ஆயா என்று எழுதக் கை வரவில்லை. எப்படியோ பையன்களுக்குத் தெரிந்துபோய், இரண்டு வருசம் என் பேர் 'உருண்டை'. அதற்குப் பிறகு பஸ்ஸை விட்டு இறங்கினால் பால்வாடி வழியாக வீட்டுக்குப் போக மாட்டேன். சுற்றிக்கொண்டு போவேன். தப்பித் தவறி அந்தப் பக்கம் போனால் வாசலில் நின்று, "ஏலே, ஒரு உருண்ட தின்னுட்டுப் போல" என்று சத்தம் கொடுப்பாள். காதில் விழாத மாதிரி நடப்பேன். அவளும் இரண்டாம் தடவை கூப்பிட மாட்டாள்.

தாமிரபரணிக்கும் ஜெர்மனிக்கும் போக்குவரத்து புதிதில்லை. பாளையங்கோட்டையைச் சுற்றிப் பள்ளிக்கூடங்கள் வைத்த ரேனியஸ் பிரஷ்யாக்காரர். 1820-ல் வந்தவர், 1838-ல் அங்கேயே மண்ணானார். 1876-ல் யாகோர் என்ற பெர்லின்காரர் ஆதிச்சநல்லூர்ப் பரம்பைத் தோண்டி, தாழியும் சட்டியும் இரும்புமாக அள்ளிக்கொண்டு போனார். ஆற்றங்கரையிலிருந்து அங்கே போன முதல் சரக்கு நானில்லை.

யேனாவில் நான் படித்தது ஒளியியல். மைக்ரோஸ்கோப்பால் எவ்வளவு நுணுக்கமாகத்தான் பார்க்க முடியும் என்பதற்கு எர்ன்ஸ்ட் அபே 1873-ல் எல்லை வகுத்தது இந்த ஊரில். கார்ல் சைஸ் கம்பெனி வளர்ந்ததும் இங்கேதான். ஒளியைப் பற்றிப் படிக்கப் போன ஊரில் நவம்பர் மாசம் நாலரை மணிக்கு இருட்டிவிடும். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அப்போது ஒரு வருசச் செலவுக்கு எட்டாயிரம் யூரோ அளவில் வங்கியில் போட்டுக் காட்டினால்தான் விசா. சென்னையில் மூன்று வருசம் வேலை பார்த்துச் சேர்த்ததும் வங்கிக் கடனும் அதற்கே சரியாகிவிட்டது. லோபெடா என்ற பகுதியில், கிழக்கு ஜெர்மனிக் காலத்துப் பெட்டிப் பெட்டியான அடுக்குமாடிகளில் ஒன்றில் அறை. ஆய்வகத்தில் எல்லோரும் இங்கிலீஷ் பேசினார்கள். கடையில் ரொட்டி வாங்க மட்டும் ஜெர்மன் வேண்டியிருந்தது. அதையும் விரலைக் காட்டியே முடித்துக்கொண்டேன்.

மொழி வகுப்பில் சொல்லிக் கொடுத்த அம்மா ஒருநாள், "நீங்கள் நாலு வயசுப் பிள்ளைகளோடு போய் இருங்கள். அவர்கள் உங்களுக்காக இங்கிலீஷுக்கு மாற மாட்டார்கள்" என்றார். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கிண்டர்கார்டனில், வாரம் இரண்டு மத்தியானம் வந்து விளையாட, புத்தகம் காட்ட, சட்டை மாட்டிவிட ஆள் தேடினார்கள். சம்பளம் கிடையாது. முதலில் குற்ற வழக்கு எதுவும் இல்லை என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். பிள்ளைகளோடு பழக வரும் யாருக்கும் அது கட்டாயம். தொண்டுக்குப் போகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அந்த நாட்டில் எனக்கு இலவசமாகக் கிடைத்த முதல் தாள் அதுதான்.

தொண்டு என்றால் கதை சொல்வது, பாட்டுப் பாடுவது என்று நினைத்திருந்தேன். முக்கால்வாசி சிப் போடுவது. மழையோ பனியோ, பிள்ளைகளை வெளியே விடாமல் இருப்பதில்லை. சேற்றுக்கால்சட்டை, அதற்குமேல் கோட்டு, குல்லா, கையுறை, பூட்ஸ். கையுறையைக் கோட்டுக்கு முன்னால் மாட்டினால் எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப மாட்ட வேண்டும். இதை நான் நாலு தடவை தப்பாகச் செய்துதான் கற்றேன். பன்னிரண்டாவது பிள்ளைக்குக் குல்லா கட்டி முடிக்கும்போது முதல் பிள்ளைக்கு ஒன்றுக்கு வந்துவிடும்.

மொழி கற்றுத் தந்தது வாத்துக்காரி. (பிள்ளைகளை எல்லாம் கொக்கிப் படத்தை வைத்தே மனசில் வைத்திருந்தேன்.) சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவாள். ஜெர்மனில் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. ஏன் என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். பெரியவர்கள் நான் தப்பாகப் பேசினாலும் புரிந்தது என்று தலையாட்டிவிடுவார்கள். அவளுக்கு அந்தத் தயவு தாட்சண்யம் கிடையாது. கத்தியை ஆணாக்கினால் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் திருத்துவாள்.

தீயணைப்பு வண்டிக்காரன் அழுமூஞ்சி. பகல் தூக்கம் கலைந்து எழுந்தால் அம்மா வேண்டும் என்று தொடங்குவான். ஒருநாள் மற்றவர்கள் எல்லாம் வெளியே போய்விட, நானும் அவனும்தான் உள்ளே. ஆறுதல் சொல்ல எனக்குத் தெரிந்த ஜெர்மனில் ஒரு வார்த்தை அகப்படவில்லை. வாயில் வந்துவிட்டது: "அழாத மக்கா, அழாத." ஆச்சியின் ராகம் அப்படியே. பையன் அழுகையை நிறுத்தி என் வாயையே பார்த்தான். ஆறுதல் ஒன்றும் இல்லை, இது என்ன புதுச் சத்தம் என்ற ஆச்சரியம். திரும்பச் சொல்லச் சொன்னான். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். மறுவாரம் போனபோது மொத்தக் கூட்டமும் "மக்கா! மக்கா!" என்று ஓடி வந்தது. அது என் பேர் என்று அவன் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தான். நான் திருத்தவில்லை.

அக்டோபரில் தெரு முழுக்க கஸ்டானியன் கொட்டை விழும். தின்ன முடியாது; எண்ணெய் பூசித் துடைத்த தேக்கு மாதிரி மினுங்கும், புளியமுத்தைப்போலப் பத்து மடங்கு. ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் இருபதாவது இருக்கும். மணல்தொட்டியில் எதிரும் புதிருமாக ஏழேழு குழி பறித்தேன். குழிக்கு ஐந்து, மொத்தம் எழுபது கொட்டை. பல்லாங்குழி ஆச்சியிடம் கற்றது. மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்போது வேப்பமர நிழலில் மணலைப் பறித்துப் புளியமுத்து போட்டு ஆடுவாள். எண்ணத் தெரியாதவர்கள்கூட ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகலாம் என்பதால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். குழியில் நாலு சேர்ந்தால் பசு. அதற்கு ஜெர்மன் வார்த்தை சொன்னேன், அவர்களுக்குத் தமிழ்தான் பிடித்திருந்தது. "பசூ!" என்று ஒருத்தி கத்த, எல்லோரும் மாடுபோல 'அம்மா' என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். பொறுப்பாளர் அம்மா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

ஆட்டம் அலுத்ததும் ஆப்பிள்காரி வாளியில் மணலை அமுக்கிக் கவிழ்த்து, கேக் என்று நீட்டினாள். தின்பதுபோல வாயசைத்தால் போதாது, ருசி எப்படி என்று சொல்ல வேண்டும், காசும் கொடுக்க வேண்டும். காசு மரத்தின் இலை. எங்கள் முற்றத்தில் கொட்டாங்கச்சியில் அமுக்கிக் கவிழ்த்தது இட்லி. வேப்பிலைதான் அங்கேயும் செலாவணி.

கிண்டர்கார்டனில் அந்த மணல் லாரியில் வாங்கி, மரச்சட்டம் அடித்த தொட்டியில் கொட்டி, பூனை வராமல் வலை போட்டு மூடியது. பாவம், இவ்வளவு மணல்தானா என்று முதல்நாள் நினைத்தேன். பிறகு கணக்குப் பார்த்தால், எங்கள் ஆற்றில் அதற்குள் மணல் போய்விட்டிருந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு தாமே கோர்ட்டில் நின்று வாதாடியதில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010-ல் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை போட்டது. தடை வந்தபோது எங்கள் ஊர்க் கரையில் பாறை தெரிந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி பாட் பிளாங்கன்பர்க் போனேன். யேனாவுக்குத் தெற்கே, மலைக்காட்டு ஓரத்துச் சின்ன ஊர். ஃப்ரோபெல் 1837-ல் பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பொருள் செய்யத் தொடங்கி, 1840-ல் கிண்டர்கார்டன் என்று பேர் சூட்டியது அங்கேதான். பந்து, கனசதுரம், உருளை. இந்த மூன்றையும் வைத்து உலகத்தைப் பிள்ளைக்குக் காட்டிவிடலாம் என்று நம்பியவர். ஒன்பது மாசத்தில் தாயை இழந்தவர். நாத்திகமும் சோஷலிசமும் பரப்புகிறார் என்று சந்தேகப்பட்டு 1851-ல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடைசெய்தது. அவர் அடுத்த வருசம் இறந்துபோனார், தடை 1860 வரை இருந்தது. அருங்காட்சியகத்தில் மரக்கட்டைகளைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். நொங்கு மட்டையில் செய்த வண்டி ஒன்றை வைத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

அன்றைக்கு ராத்திரி ஊருக்குப் போன் போட்டேன். ஆச்சி ஓய்வுபெற்று வீட்டில் இருந்தாள். காது மந்தம், கத்திப் பேச வேண்டும்.

"ஆச்சி, நான் இங்கன ஒரு பால்வாடிக்குப் போறேன்."

"எதுக்குல?"

"பிள்ளையளப் பாத்துக்கிட."

கொஞ்சநேரம் பேச்சில்லை. "எம்புட்டுத் தாரான்?"

"ஒண்ணும் கெடையாது ஆச்சி. சும்மாதான்."

"சும்மாவா? கோட்டிக்காரப் பயலே, கடன வாங்கிப் படிக்கப் போயிட்டு ஊரான் பிள்ளைக்குச் சும்மா சளி தொடைக்கியா?" பக்கத்தில் அம்மா சிரிப்பது கேட்டது. பிறகு ஆச்சி குரலைத் தாழ்த்திக் கேட்டாள், ஏதோ ரகசியம்போல: "அங்கன உருண்ட உண்டுமா?"

ரொட்டியும் சீஸும் கேரட்டும் என்றேன். "சவம், எப்படி எட ஏறும்" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

மறு கோடையில் தீயணைப்பு வண்டிக்காரன் பள்ளிக்கூடத்துக்குப் போனான். பள்ளி சேரும் நாளில் பிள்ளைக்கு அதன் உயரத்துக்கு ஒரு காகிதக் கூம்பு கொடுப்பார்கள், உள்ளே மிட்டாயும் பென்சிலும். யேனாவில் 1817-லேயே இந்த வழக்கம் இருந்ததாம். வாத்தியார் வீட்டில் ஒரு மரம் இருக்கிறது, அதில் கூம்பு காய்க்கும், பழுத்துவிட்டால் பள்ளிக்கூடம் போகிற வயசு என்று பிள்ளைகளிடம் சொல்வார்களாம். எங்கள் ஊரில் வயசு பார்க்க மரம் தேவையில்லை. வலது கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடது காதைத் தொட வேண்டும். ஜூன் மாசம் ஆச்சி ஒரு வரிசையைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவாள், வழியெல்லாம் காதைத் தொடப் பழக்கியபடி. அவனையும் தொடச் சொன்னேன். தொட்டான். காதைப் பிடித்துக்கொண்டே ஓடினான்.

கிளம்பும்போது கையெழுத்திட்டு ஒரு சான்றிதழ் தந்தார்கள். தொண்டுக்கு ஜெர்மனில் 'எரன்அம்ட்' என்று பேர். பிரித்துப் பார்த்தால் கௌரவப் பதவி. அந்த வார்த்தையைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அங்கன்வாடிகளை நடத்தும் ஐ.சி.டி.எஸ். திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியபோதே மத்திய அரசு அங்கன்வாடிப் பெண்களுக்குக் கொடுத்த பேரும் கௌரவப் பணியாளர்தான். தாங்களாக முன்வந்து சேவை செய்கிறவர்கள். அதனால் கொடுப்பது சம்பளம் ஆகாது, மதிப்பூதியம். உதவியாளருக்கு அன்றைக்கு மாசம் 35 ரூபாய். தமிழ்நாட்டில் பிற்பாடு காலமுறை ஊதியம் என்று ஒன்று வந்து நிலைமை கொஞ்சம் தேவலை. ஆனாலும் அங்கன்வாடி ஊழியர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் ஆக மாட்டார்கள் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆறாம் வகுப்பில் நான் பாரத்தில் எழுதியது பொய் என்று தீர்ப்பானமாதிரி. அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று அதே நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் ஆயிற்று. ஆச்சி 2016-லேயே போய்விட்டாள். வாரம் இரண்டு மத்தியானம் ஒரு வருசம் போன எனக்குச் சான்றிதழ் இருக்கிறது. அவளிடம் அவள் பேர் போட்ட தாள் என்று ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும்தான் இருந்தன.

போன ஆடி அமாவாசைக்கு ஊருக்குப் போயிருந்தேன். முக்கூடலில் தர்ப்பணம் கொடுக்க அவ்வளவு கூட்டம். எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு, ஈர வேட்டியோடு பழைய வழியில் நடந்தேன். ஓட்டுக் கட்டடம் போய், சுவரில் யானையும் ரயிலும் வரைந்த புதுக் கட்டடம் இருக்கிறது. முற்றத்தில் சிமெண்ட் கல் பாவியிருக்கிறார்கள். டீக்கடையில், 2023 டிசம்பர் வெள்ளம் பெரிதா 92 வெள்ளம் பெரிதா என்று இரண்டு கிழவர்கள் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். செங்கல் கோடு போட்ட சுவர் இருந்திருந்தால் அஞ்சு நிமிசத்தில் தீர்ந்திருக்கும்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக ஒரு பெண் கிட்டே வந்தாள்.

"அண்ணே, நீங்க பால்வாடி ஆயா பேரன்தான?"

"ஆமா" என்றேன்.

"பாத்ததும் நெனச்சேன். அவ்வோ கையாலதான் தின்னு வளந்தோம். எந்தட்டு இன்னும் எங்கம்ம வீட்டுல கெடக்கு, நடுவுல குழி விழுந்தது." பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "நீங்க வெளிநாட்டுல இருந்தீயளாம்லா. அங்கன என்ன வேல?"

படிப்பைச் சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு, "பால்வாடில இருந்தேன்" என்றேன்.

"அங்கயும் ஆயா வேலதானா!" என்று அவள் சிரிக்க, எதற்கென்று தெரியாமல் கையில் இருந்த பிள்ளையும் சிரித்தது. பாளையங்கோட்டை பஸ் வந்துவிட்டது.